அஸ்வெசும விண்ணப்பத்துக்குத் துணை யார்?

நெல்லியடிச் சந்தியில் 750 பஸ்ஸிலிருந்து இறங்கும் எல்லோரும் சந்தைக்கோ ரியூசனுக்கோ போவதில்லை. சிலரின் கையில் ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கும். அதற்குள் அடையாள அட்டையின் பிரதி, வங்கிப் புத்தகம், கரண்ட் பில், மூலை மடிந்த குடும்ப அட்டை. முதலில் போட்டோக் கொப்பிக் கடை, பிறகு பிரதேச செயலகம். அங்கே ‘விதானையாரின்ரை கையெழுத்தோடை வாங்கோ’ என்றால் மீண்டும் ஊர், மறுநாள் மீண்டும் சந்தி. அரசு தருவதாக அறிவித்த காசைக் கேட்டு வாங்குவதற்கு ஒருவர் படும் பாடு இது. அது முடிவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும், சில வேளை இரண்டு நாள் கூலியும் போய்விடும்.

வறுமை ஒழிப்பைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்த அலைச்சல் பேசப்படுவதில்லை. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. கொடுப்பது உரியவரின் கைக்குப் போய்ச் சேர யார் துணை நிற்பது என்ற கேள்வி எவர் தலையிலும் விழவில்லை. வடமராட்சியில் அந்தப் பொறுப்பை ஏற்கக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள், இடமும் இருக்கிறது. ஏற்பாடுதான் இல்லை.

வறிய குடும்பங்களுக்கு அரசு மாதந்தோறும் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. அதன் சட்ட அடிப்படை 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்த அந்தச் சட்டம், நாடு வங்குரோத்தான பிறகுதான் முழுமையாகக் கையில் எடுக்கப்பட்டது. 2022இல் விண்ணப்பம் கோரியபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 37 இலட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளியிட்டார்கள். 20 இலட்சம் குடும்பங்களுக்கு நான்கு வகுப்பு வகுத்தார்கள். நிலைமாறும் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, பாதிப்புறக்கூடிய குடும்பத்துக்கு 5,000, வறிய குடும்பத்துக்கு 8,500, மிக வறிய குடும்பத்துக்கு 15,000 வரை. 2025 ஜனவரியில் கடைசி இரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் கூட்டப்பட்டன.

முதற் பட்டியல் 2023 ஜூனில் வெளியானபோது நாடெங்கும் எழுந்த கோபத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பிரதேச செயலகங்களின் முன் பெண்கள் திரண்டு நின்றார்கள். மேன்முறையீட்டுக்கு ஜூலை 10 வரை தவணை கிடைத்தது. அந்தச் சில வாரங்களுக்குள் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போய்ச் சேர்ந்தன. தெரிவான குடும்பங்கள் 20 இலட்சத்துக்கும் குறைவு, தெரிவு பிழை என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஒன்பது இலட்சத்துக்கும் மேல். எந்தத் திட்டமும் இந்தக் கணக்கைப் பார்த்துத் தலைகுனிய வேண்டும்.

ஆனால் எழுதிக் கொடுத்தவர்களை விட எழுதிக் கொடுக்காதவர்களைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். மேன்முறையீடு செய்வதற்கு முதலில் தன் பெயர் பட்டியலில் இல்லை என்பது தெரிய வேண்டும். பிறகு இணையத்தில் பதிய வேண்டும், அல்லது செயலகத்துக்குப் போக வேண்டும். என்ன காரணத்தால் விடுபட்டோம் என்று ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைப் படிவத்தின் மொழியில் எழுத வேண்டும். கையில் நல்ல போனும், வீட்டில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையும் உள்ள குடும்பம் இதைச் செய்துவிடும். தனியே இருக்கும் ஆச்சி செய்ய மாட்டார். கண் மங்கிய அப்பு செய்ய மாட்டார். எழுத வாசிக்கக் கூச்சப்படும் கூலித் தொழிலாளி, ‘எங்கடை பேர் வரேல்லை, விடு’ என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுவார். மிக வறியவர் என்ற வகுப்புக்கு மிகப் பொருத்தமான ஆட்கள் இவர்கள்தான். கடைசிப் படியில் வழுக்கி விழுபவர்களும் இவர்களே.

2024 பெப்ரவரி, மார்ச்சில் இரண்டாம் கட்டமாக விண்ணப்பம் கோரியபோது நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. முதற்கட்டத்தில் எத்தனை பேர் வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பதற்கு இது போதிய சாட்சி.

குறிகாட்டிகள் நெல்லியடியைச் சுற்றியுள்ள வாழ்க்கையோடு எப்படி உரசுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கரவெட்டிப் பக்கத்தில் பனையேறும் தொழிலை நம்பிய குடும்பங்கள் இன்றும் உண்டு. பனை கள் தருவது ஆண்டில் சில மாதங்களே. அந்த மாதங்களில் காசு புழங்கும், மற்ற மாதங்களில் கடன் புழங்கும். கணக்கெடுப்பவர் எந்த மாதத்தில் வாசலுக்கு வந்தார் என்பதைப் பொறுத்து அந்தக் குடும்பத்தின் வறுமை கூடியும் குறைந்தும் தெரியும். வெங்காயமும் புகையிலையும் நடும் தோட்டக் கூலிகளுக்கும், கடலை நம்பியவர்களுக்கும் இதே கதைதான். வாடைக் காற்று எழுந்தால் கடற்கரையில் அடுப்பெரியாத வீடுகள் கூடும்.

வீடும் அப்படியே. போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இந்திய அரசின் உதவியோடு மட்டும் 46,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா வீதம் கொடுக்கப்பட்டது. அந்தக் காசு போதாமல் நகையை அடைவு வைத்து, நுண்கடன் எடுத்துக் கட்டி முடித்தவர்கள் பலர். கல்வீடும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. வீட்டு நிலை என்ற தலைப்பின் கீழ் வரும்போது சீமெந்துச் சுவர் அந்தக் குடும்பத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடும். சுவரைப் பார்க்கும் படிவத்துக்கு அடைவுச் சீட்டு தெரியாது. அதை எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் மேன்முறையீட்டில் அது ஏறும்.

இன்னொரு கூட்டத்தாரை வடக்கு மட்டுமே நன்கு அறியும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள். குடும்ப அட்டையில் அவர் பெயர், காணி அவர் பெயரில், சில வேளை பழைய வங்கிக் கணக்கும் அவர் பெயரில். ‘குடும்பத் தலைவர் எங்கே’ என்ற கேள்விக்கு ஒரு பெண் என்ன பதில் எழுதுவாள்? இறந்துவிட்டார் என்று எழுத மனம் வராது, இருக்கிறார் என்று எழுதவும் முடியாது. இதற்காகவே 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், மரணச் சான்றிதழ் இல்லாமலே, ஆள் காணாமற்போனதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி செய்தது. அப்படி ஒரு வழி இருப்பது அந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ அவர்களில் பலருக்கே தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர், அதை வாங்கினால் தேடலைக் கைவிட்டதாக ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் படிவத்தால் போக்க முடியாது. பக்கத்தில் அமர்ந்து, அவசரப்படாமல், சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று விளக்கும் ஒரு ஆள் வேண்டும்.

1987இல் வடமராட்சி நடவடிக்கை, 1995 இடப்பெயர்வு, 2004இல் கடல் எடுத்தது என்று இந்தப் பகுதி மக்கள் ஆவணங்களைத் தொலைத்த சந்தர்ப்பங்கள் பல. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டை இல்லை, அடையாள அட்டை இல்லாததால் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் பட்டியலில் பெயர் வந்தும் காசு இல்லை. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் வேறு வேறு கந்தோர். ஒவ்வொரு கந்தோரும் மற்றக் கந்தோரின் கடிதத்தைக் கேட்கும்.

அமெரிக்காவில் பமெலா ஹேர்ட், டொனால்ட் மொய்னிஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் இந்தச் சுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அரச உதவியைக் கோருபவர் மூன்று விதமாக விலை கொடுக்கிறார் என்பது அவர்களின் கணிப்பு. எங்கே எது கிடைக்கும் என்று அறிவதற்கு ஒரு விலை, ஆவணம் திரட்டி வரிசையில் நிற்பதற்கு ஒரு விலை, அவமானத்தைச் சகிப்பதற்கு ஒரு விலை. மூன்றாவதை யாழ்ப்பாணத்துக்கு விளக்கத் தேவையில்லை. தெரிவுப் பட்டியல் எல்லோரும் பார்க்க ஒட்டப்படுகிறது. யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று அயலவர் ஆட்சேபனை எழுதவும் இடமிருக்கிறது. ‘அவைக்கு வெளியிலை ஆக்கள் இருக்கினம், கனடாக் காசு வருது’ என்று ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். அந்தக் கனடாத் தம்பி கலியாணம் கட்டிய பிறகு ஒரு சதம் அனுப்பவில்லை என்பதை நிறுவ ஒரு தாய்க்கு எந்தச் சான்றிதழ் உதவும்?

வெளிநாட்டுக் காசு இங்கே பெரிய விடயம்தான். அதை மறைத்துக்கொண்டு அரச உதவி பெறும் வீடுகளும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதில் தவறில்லை. ஆனால் புலம்பெயர்ந்த உறவு என்பது மாதச் சம்பளம் அல்ல. செத்தவீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வரும் காசு அரிசிப் பானைக்கு வருவதில்லை. உறவினர் இருப்பதையே வருமானமாகப் பதியும் வழக்கம் நீடிக்கும் வரை, விசாரித்து மறுமொழி எழுதித் தரும் ஆள் ஒவ்வொரு ஊருக்கும் தேவை.

காசு கொடுத்துப் பழக்கினால் சனம் சோம்பேறியாகிவிடும், குடித்துத் தீர்த்துவிடும் என்று சொல்லும் குரல்களும் ஊரில் உண்டு. குடியின் கொடுமையைக் கண்ணால் கண்டவர்கள் அப்படிச் சொல்வதில் உள்ள வேதனை புரிகிறது. ஆயினும் சான்று அந்தப் பக்கம் இல்லை. டேவிட் எவன்ஸ், அனா பொப்போவா என்ற ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த பணக் கொடுப்பனவு ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய காசு மதுவுக்கும் புகையிலைக்குமான செலவைக் கூட்டவில்லை என்றே காட்டியது. தொகையையும் பார்க்க வேண்டும். 2025இல் இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஒரு ஆளுக்கு மாதம் 16,000 ரூபாவைத் தாண்டியது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு 64,000க்கும் மேல். மிக வறிய குடும்பத்துக்குக் கிடைக்கும் உச்சத் தொகை 17,500. அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் எவரும் குந்தியிருக்க முடியாது.

உலக வங்கியின் கணிப்பில் 2021இல் 13 வீதமாக இருந்த இலங்கையின் வறுமை 2023இல் 26 வீதத்தை எட்டியது. நான்கு பேரில் ஒருவர். இந்த நிலையில் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஒப்பந்தத்தில் சமூகப் பாதுகாப்புச் செலவுக்கு ஒரு கீழெல்லை வைக்கப்பட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 வீதம். அதுவே குறைவு என்று பொருளியலாளர் பலர் எழுதினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்றோர், ஆட்களைப் பொறுக்கித் தெரியும் முறையே தவறு, எல்லோருக்குமான பாதுகாப்பே வேண்டும் என்று தொடர்ந்து வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் மிகுதி. 2024 இறுதியில் மீளாய்வு நடந்தபோது நாடு வரி இலக்குகளை எட்டியிருந்தது, எட்டாமல் விட்டது இந்தச் சமூகச் செலவு இலக்கைத்தான். கொடுப்பதாகச் சொன்ன குறைந்த தொகையும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. காசு இருந்தும் போகவில்லை என்றால் பாதை எங்கோ அடைத்திருக்கிறது என்று பொருள்.

எல்லோருக்குமான திட்டம் வரும் வரை, பொறுக்கித் தெரியும் திட்டத்துக்குள் இருக்கும் மனிதர் பசியோடு காத்திருக்க முடியாது. அஸ்வெசும ஒன்று மட்டுமல்ல. 70 வயது கடந்த குறைந்த வருமான முதியவருக்கு 2025 ஏப்ரல் முதல் மாதம் 5,000 ரூபா. மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் 10,000. மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் மாதாந்த உதவிப்பணம் தனி. கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு தனி. 1987இல் விவசாயிகளுக்கும் 1990இல் மீனவர்களுக்கும் கொண்டுவரப்பட்ட ஓய்வூதியத் திட்டங்களில் இளமையில் சேர்ந்து தவணை கட்டிவிட்டுப் பிறகு புத்தகத்தைத் தேடும் முதியவர்களும் உண்டு. ஒரே வீட்டில் இவற்றில் மூன்றுக்கு உரித்துடையவர்கள் இருக்கலாம். ஒன்றையும் கேட்காமலும் இருக்கலாம்.

இலங்கையில் வறியவருக்கு அரசு உதவி கொடுக்கும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1934-35 மலேரியா கொள்ளைநோய் நாட்டின் வறுமையை அம்பலப்படுத்திய பிறகு, 1939இல் வறியோர் சட்டம் வந்தது. 1942இல் போர்க்கால அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் புத்தகம் எல்லார் வீட்டிலும் இருந்ததால் அதை நீட்டுவதில் எவருக்கும் வெட்கமில்லை. 1979 செப்டெம்பரில் அது போய் உணவு முத்திரை வந்தது. ஆண்டுக்கு 3,600 ரூபாவுக்குக் குறைந்த வருமானம் என்று குடும்பமே சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். விலைவாசி ஏற ஏற முத்திரையின் பெறுமதி தேய்ந்தது. அடுத்து 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, இப்போது அஸ்வெசும. பெயர்கள் மாறின, படிவங்கள் நீண்டன. படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்கென்று ஒரு நிரந்தர ஏற்பாடு எந்தக் காலத்திலும் வரவில்லை.

அதே 1939 செப்டெம்பரில், போர் அறிவித்த மறுநாளே, பிரித்தானியாவில் குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் 200 இடங்களில் திறக்கப்பட்டன. பெரும்பாலும் தொண்டர்களால் நடந்த அந்த நிலையங்கள் இன்றும் இயங்குகின்றன. அரச உதவிக்கான படிவத்தை நிரப்ப, மறுக்கப்பட்டால் மேன்முறையீடு எழுத, கடன்காரருக்குக் கடிதம் எழுத, காசு வாங்காமல் துணை நிற்கின்றன. லண்டனில் முதலில் போய் இறங்கிய நம்மவர்கள் பலருக்கு அந்த வாசல் தெரியும். இவ்வளவு இருந்தும் அந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,300 கோடி பவுண் பெறுமதியான உதவிகள் கோரப்படாமலே கிடக்கின்றன என்று ஒரு கொள்கை ஆய்வு நிறுவனம் 2024இல் கணக்கிட்டது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துணை நிற்கும் நாட்டிலேயே அப்படி என்றால், துணையே இல்லாத இடத்தில் எவ்வளவு தவறிப் போகும்?

அருகில் தமிழ்நாட்டையும் பார்க்கலாம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023இல் தொடங்கியபோது, நியாயவிலைக் கடை ஊழியர்கள் விண்ணப்பத்தையும் டோக்கனையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்த நாள், எந்த நேரம் முகாமுக்கு வர வேண்டும் என்பது டோக்கனில் இருந்தது. முகாமில் நிரப்பித் தர ‘இல்லம் தேடிக் கல்வி’ தன்னார்வலர்கள் இருந்தார்கள். 1 கோடியே 63 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன, செப்டெம்பர் 15 அன்று 1 கோடியே 6 இலட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தொடங்கியது. மறுக்கப்பட்டவர்களும் அரைக் கோடிக்கு மேல், அங்கும் கண்ணீர் இருந்தது. ஆனால் ஏன் மறுக்கப்பட்டது என்ற காரணம் அவர்களின் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போனது, மேன்முறையீட்டுக்கு 30 நாள் கிடைத்தது. இந்தச் சின்னக் காரியத்தை இலங்கையின் நலன்புரி நன்மைகள் சபையும் செய்யலாம். உங்கள் புள்ளி இவ்வளவு, இந்தக் குறிகாட்டியில் இப்படிப் பதியப்பட்டிருக்கிறது, பிழையானால் இத்தனை நாளுக்குள் அறிவியுங்கள் என்று தமிழில் நான்கு வரி போதும்.

அரசு செய்ய வேண்டியதில் முதன்மையானது இதுவே. அடுத்தது பிரதேச செயலகத்தின் உள் ஏற்பாடு. சமுர்த்தி, சமூக சேவைகள், முதியோர் உரிமை, மகளிர் அபிவிருத்தி என்று ஒவ்வொன்றுக்கும் உத்தியோகத்தர்கள் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கட்டடம், ஆனால் வேறு வேறு மேசை, வேறு வேறு கோவை. வந்தவர் எதைக் கேட்டு வந்தாரோ அதற்கு மட்டும் பதில் கிடைக்கும். அஸ்வெசும கேட்டு வந்த முதியவருக்கு முதியோர் கொடுப்பனவு கிடைக்கிறதா என்று கேட்பது எவருடைய கடமையிலும் எழுதப்படவில்லை. ஒரு வீட்டை முழுதாகப் பார்த்து, உரியது எல்லாவற்றுக்கும் ஒரே அமர்வில் விண்ணப்பிக்க வைக்கும் மேசை ஒன்று ஒவ்வொரு செயலகத்திலும் வேண்டும். அதில் இருப்பவருக்கு அதுவே முழுநேர வேலையாக இருக்க வேண்டும். உத்தியோகத்தர்களைக் குறை சொல்வது எளிது. ஒரு கிராம அலுவலர் பிரிவில் எத்தனை நூறு குடும்பங்கள், எத்தனை சுற்றறிக்கைகள் என்று பார்த்தால் அவர்களும் நெரிசலில்தான் நிற்கிறார்கள்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். கொழும்பில் இருந்து மாற்றம் வந்துசேரும் வரை இவை காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் தபாலதிபர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் வடமராட்சியில் இருப்பது போல வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகம். வாழ்நாள் முழுதும் கச்சேரியிலும் கந்தோர்களிலும் கோவைகளைக் கையாண்ட கைகள். எந்தக் கடிதத்தை யாருக்கு முகவரியிட வேண்டும், எந்தச் சுற்றறிக்கையைச் சுட்டிக்காட்டினால் காரியம் நகரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒன்லைனில் பதிவதில் கெட்டிக்காரர். இந்த இரண்டு தலைமுறைகளையும் ஒரு மேசையில் இருத்தினால் போதும்.

இடத்துக்கும் குறைவில்லை. ஊர் தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பல இடங்களில் காலைப் பத்திரிகை வாசித்து முடிந்தால் மாலை வரை கதிரைகள் சும்மா கிடக்கின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், 1972 முதல் இயங்கும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் உறுப்பினர் பட்டியலும் கூட்ட மண்டபமும் உண்டு. நெல்லியடியில் ஒரு மையம் வாரம் இரு மாலை திறந்திருந்தால், சந்தைக்கு வருபவர் தன் அலுவலையும் பார்த்துக்கொண்டு போகலாம். தனி நாள் கூலி இழக்கத் தேவையில்லை. நடக்க முடியாதவர்களுக்கு அந்தத் தொண்டர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். சைக்கிளில் போகும் தூரம்தான்.

சில கட்டுப்பாடுகள் இல்லாமல் இந்த வேலை கெட்டுப்போகும். ஒரு சதமும் வாங்கக்கூடாது, அன்பளிப்பு என்ற பெயரிலும் கூடாது. வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைக் கேட்கவும் கூடாது, சொன்னால் எழுதி வைக்கவும் கூடாது. அங்கே சொல்லப்பட்ட வருமானமும் வறுமையும் அயலுக்குப் போகக்கூடாது. கட்சிக் கொடியும் வேட்பாளர் படமும் அந்தச் சுவரில் ஏறக்கூடாது. உதவிக் காசைத் தங்கள் கொடையாகக் காட்டி வாக்குக் கேட்கும் பழக்கம் சமுர்த்திக் காலத்தில் நாட்டை எவ்வளவு கெடுத்தது என்பது தெரிந்ததே. சாதியை மனதில் வைத்துக்கொண்டு ஒருவரை முற்றத்திலும் இன்னொருவரைக் கதிரையிலும் இருத்தும் இடமாக அது இருக்குமானால் தொடங்காமல் விடுவதே மேல். சனசமூக நிலையம் எந்தக் குறிச்சியில் இருக்கிறது என்பதே சிலரை வரவிடாமல் செய்யும் என்பதை வடமராட்சியில் எவரும் மறுக்க மாட்டார்கள். ஆகவே மேசை ஒரே இடத்தில் நிலைத்திருக்கக் கூடாது, குறிச்சி மாறி மாறிப் போக வேண்டும்.

மறுப்பு வந்த பிறகும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தன் விண்ணப்பம் எப்படிப் புள்ளியிடப்பட்டது என்று எவரும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. 1978இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றவர்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி தருகிறது. இந்த இரண்டையும் ஒரு கூலித் தொழிலாளி தானாகத் தேடிப் போக மாட்டார். ஓய்வுபெற்ற ஒரு எழுதுவினைஞர் அவருக்காக அரைப் பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போவார். ஓர் ஊரிலிருந்து அப்படிப் பத்துக் கடிதங்கள் போனால், எந்தக் குறிகாட்டி அந்த ஊரின் வறுமையைப் பிழையாக அளக்கிறது என்பதும் வெளியில் வரும். தனி ஆளின் முறைப்பாடாகக் கிடந்தது ஊரின் சான்றாகிவிடும். குறிகாட்டிகளை மாற்று என்று பாராளுமன்றத்தில் கேட்பவர்களுக்கும் அது கையில் ஒரு ஆயுதம்.

அஸ்வெசுமவின் வறிய, மிக வறிய வகுப்புகள் 2023 ஜூலை முதல் மூன்று ஆண்டுகளுக்கு என்றே வகுக்கப்பட்டன. தவணை முடிந்து தகவல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பெயர்கள் விழும், புதிய பெயர்கள் ஏறும். அந்த நேரத்தில் ஆள் தேடினால் காலம் பிந்திவிடும். கரவெட்டி, பருத்தித்துறை, மருதங்கேணிப் பக்கங்களில் உள்ள சனசமூக நிலையங்களின் நிர்வாகிகள் இந்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்து, ஊரில் ஓய்வில் இருக்கும் நான்கு பேரின் பெயரை எழுதிக்கொள்ளட்டும். நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி இலக்கம் 1924. அதை நிலையத்தின் வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். உங்கள் ஒழுங்கையில் தனியே இருக்கும் ஆச்சியிடம் போய், காசு வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அவரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.